பட்டா யார் பெயரில்? நவூருவின் வழியாகச் சிறு நாடுகளைப் புரிந்துகொள்ளல்

ஒரு பேரூராட்சியில் வசிக்கும் அளவுக்கே மக்களைக் கொண்ட தீவு ஒன்று, தனிக்கொடி, தனி நாடாளுமன்றம், தனிக் குடியரசுத் தலைவர் என்று முழு நாடாக இயங்க முடியுமா? முடியும் என்பதற்குப் பசிபிக் பெருங்கடலில் இருக்கும் நவூரு சான்று. நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கில் இருக்கும் அந்தத் தீவின் பரப்பளவு 21 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 12,000. வத்திக்கானையும் மொனாக்கோவையும் விட்டுவிட்டால் பரப்பளவில் இதைவிடச் சிறிய நாடு உலகில் கிடையாது. தீவைச் சுற்றிக் கரையோரமாக ஓடும் சாலையின் நீளம் 20 கிலோமீட்டர்கூட இராது. மிதிவண்டியில் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் நாட்டையே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். விமானம் வந்து இறங்கும் நேரத்தில் ஓடுபாதையை ஒட்டிய சாலையில் வண்டிகளை நிறுத்தி வைக்கிறார்கள். அதிகாரபூர்வமான தலைநகரம் என்று எதுவும் இல்லை. நாடாளுமன்றமும் அரசு அலுவலகங்களும் யாரென் என்னும் மாவட்டத்தில் இருக்கின்றன.

இருந்தும், ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் வாக்கெடுப்பு என்று வந்தால் இந்தியாவுக்கு ஒரு வாக்கு, நவூருவுக்கும் ஒரு வாக்கு. 15 லட்சம் அல்லது அதற்கும் குறைவான மக்களைக் கொண்ட நாடுகளை உலக வங்கியும் காமன்வெல்த்தும் ‘சிறு நாடுகள்’ என்று வகைப்படுத்துகின்றன. அப்படிப்பட்டவை உலகில் பத்துக் கணக்கில் இருக்கின்றன. அவற்றின் அரசியலும் வெளியுறவும் பெரிய நாட்டில் வாழ்கிற நமக்குச் சில வேளைகளில் விந்தையாகவும் சில வேளைகளில் சந்தர்ப்பவாதமாகவும் தோன்றும். அந்த நடத்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு கருத்து போதும்: இறையாண்மை. இந்தச் சொல்லை நாம் மேடைப் பேச்சில் உணர்ச்சியோடு பயன்படுத்துகிறோம். சிறு நாட்டுக்கு அது உணர்ச்சி மட்டுமன்று, சொத்தும்கூட. பல நேரங்களில் கையிலிருக்கும் ஒரே சொத்து.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1933-இல் உருகுவேயின் தலைநகரான மொண்டெவிடேயோவில் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, ஒரு நாட்டுக்கு நான்கு தகுதிகளைக் குறிப்பிடுகிறது. நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, ஓர் அரசு, பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன் ஆகியவையே அவை. எத்தனை பேர் இருக்க வேண்டும், எவ்வளவு நிலம் வேண்டும் என்று ஓர் எண்ணைக்கூட அது சொல்லவில்லை. படை வேண்டும் என்றோ சொந்த நாணயம் வேண்டும் என்றோ நிபந்தனை இல்லை. நவூருவுக்குப் படை கிடையாது. அதன் பாதுகாப்புப் பொறுப்பு ஆஸ்திரேலியாவிடம் இருக்கிறது. புழங்குவது ஆஸ்திரேலிய டாலர். 2018 வரை பல வழக்குகளின் இறுதி மேல்முறையீடுகூட ஆஸ்திரேலியாவின் உச்சநிலை நீதிமன்றத்துக்கே போய்க்கொண்டிருந்தது. இவ்வளவையும் வெளியே கொடுத்துவிட்டு இன்னும் நாடு என்று எப்படிச் சொல்லிக்கொள்ள முடிகிறது என்ற கேள்வி நியாயமானதே. வயலைக் குத்தகைக்கு விட்டவருக்கு உழுகிற வேலை இல்லாமல் போகலாம். ஆனால் பட்டா அவர் பெயரில் இருக்கும்வரை குத்தகையை நீட்டிப்பதும் ரத்து செய்வதும் அவர் கையில்தான். நவூரு கொடுத்தவை அனைத்தும் அது தானே ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தவை. மேல்முறையீட்டு ஏற்பாட்டை 2018-இல் அது முடித்துக்கொண்டதே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பட்டா தன் பெயரில் இல்லாமல் வாழ்ந்த காலம் எப்படி இருந்தது என்பதை நவூரு மக்கள் நன்கு அறிவார்கள். 1798-இல் அந்த வழியாகச் சென்ற ஜான் ஃபெர்ன் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர், பச்சைப் பசேலென்று தெரிந்த தீவுக்கு ‘இன்பத் தீவு’ என்று பெயர் வைத்தார். அப்போது அங்கே 12 குலங்கள் வாழ்ந்தன. இன்றைய கொடியில் உள்ள வெண்ணிற விண்மீனின் 12 முனைகள் அவற்றைக் குறிக்கின்றன. கொடியின் நடுவே ஓடும் மஞ்சள் கோடு நிலநடுக்கோடு. அதற்குக் கீழே விண்மீன், அதாவது தீவு. இவ்வளவு துல்லியமாக முகவரி எழுதிய கொடி வேறு எந்த நாட்டுக்காவது இருக்குமா என்பது ஐயமே. 1888-இல் ஜெர்மனி தீவைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது.

தீவின் தலையெழுத்தை மாற்றியது ஒரு கல். சிட்னியில் ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை அண்டைக் கொடுத்து வைத்திருந்தார்கள். நவூருவிலிருந்து வந்த அந்தக் கல், கல்லாகிப் போன மரம் என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். அங்கே பணியாற்றிய ஆல்பர்ட் எல்லிஸுக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. அவர் அதைச் சோதித்தபோது மிக உயர்ந்த தரமுள்ள பாஸ்பேட் என்று தெரியவந்தது. 1900-ஆம் ஆண்டையொட்டி நடந்த இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு, 1907 முதல் தீவின் மண் கப்பலேறத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மலட்டு மண்ணை மேய்ச்சல் நிலமாகவும் கோதுமை வயலாகவும் மாற்றிய உரத்தில் பெரும்பங்கு இந்தத் தீவின் உடம்பு. முதல் உலகப்போரில் ஆஸ்திரேலியப் படை ஜெர்மானியரிடமிருந்து தீவைக் கைப்பற்றியது. அதன்பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்து, பாஸ்பேட்டை உலகச் சந்தை விலைக்குக் குறைவாகத் தங்கள் உழவர்களுக்கு வழங்கின. நிலத்துக்கு உரிய நவூரு மக்களுக்குக் கிடைத்ததோ சொற்பத் தொகை. ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக நாடுகள் சங்கம் கொடுத்த பொறுப்பாட்சி என்பதுதான் இதற்கு அன்று இருந்த சட்டப்பெயர்.

மக்கள்தொகை என்ற சொல்லை நாம் பெரும்பாலும் பெருக்கத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். நவூருவில் அது வேறு விதமான கவலை. 1920-இல் பரவிய இன்ஃபுளுயன்சா தீவு மக்களில் பலரைக் கொண்டுபோனது. ஓர் இனமாகத் தொடர்ந்து வாழக் குறைந்தது 1,500 பேராவது வேண்டும் என்று அப்போதைய நிர்வாகம் ஒரு கணக்குச் சொன்னது. அந்த எண்ணை எட்டும் நாளை எதிர்பார்த்துத் தீவே காத்திருந்தது. 1932 அக்டோபர் 26 அன்று பிறந்த ஒரு குழந்தையோடு எண்ணிக்கை 1,500-ஐத் தொட்டது. அந்த நாள் ‘அங்காம்’ நாள் என்று இன்றும் விடுமுறையோடு கொண்டாடப்படுகிறது. ஒரு குழந்தையின் பிறப்பு தேசிய விழாவான நாடு அது. மொண்டெவிடேயோவில் கூடியவர்கள் அடுத்த ஆண்டு எண்ணே குறிப்பிடாமல் விட்ட இடத்தில், நவூரு மக்கள் தங்களுக்கென்று ஓர் எண்ணை ஏற்கெனவே வைத்திருந்தார்கள்.

பத்தே ஆண்டுகளில் அந்த எண் சரிந்தது. 1942-இல் தீவைப் பிடித்த ஜப்பானியப் படை, அங்கிருந்த மக்களில் சுமார் 1,200 பேரைத் தொலைவிலிருந்த ட்ரக் தீவுகளுக்குக் கூலி வேலைக்கு ஏற்றிச் சென்றது. பசியிலும் நோயிலும் குண்டுவீச்சிலும் பலர் அங்கேயே மடிந்தனர். உயிரோடு எஞ்சிய 737 பேர் 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பினார்கள். 1,500 என்ற எண்ணை மீண்டும் எட்ட 1949 வரை ஆயிற்று.

போருக்குப் பிறகு ஆட்சி ஐ.நா.வின் பொறுப்பாட்சி என்று பெயர் மாறியதே தவிர, தோண்டுவது நிற்கவில்லை. தீவின் நடுப்பகுதி முழுவதும் ஒருநாள் தீர்ந்துவிடும் என்பது தெரிந்ததும், எல்லோரையும் வேறிடத்தில் குடியமர்த்தும் யோசனையை ஆஸ்திரேலியா முன்வைத்தது. குயின்ஸ்லாந்துக் கரைக்கு அருகிலுள்ள கர்ட்டிஸ் தீவைத் தருகிறோம், வீடும் வேலையும் குடியுரிமையும் உண்டு என்றார்கள். நவூரு தலைவர் ஹாமர் டிரோபர்ட்டும் அவருடைய சகாக்களும் 1964-இல் அதை மறுத்துவிட்டனர். புதிய இடத்தில் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் உரிமை கிடைக்காது என்பதே காரணம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு நிகழ்வை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்த மறுப்பையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். வளமான நிலமும் நல்ல வாழ்க்கையும் ஒரு பக்கம், தேய்ந்துகொண்டிருக்கும் பாறையும் அதன் பட்டாவும் மறுபக்கம் என்று தராசு நின்றபோது, அவர்கள் பட்டாவை எடுத்தார்கள். 1968 ஜனவரி 31 அன்று நவூரு விடுதலை பெற்றது. ட்ரக்கிலிருந்து திரும்பிய அதே தேதியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். டிரோபர்ட் முதல் குடியரசுத் தலைவரானார்.

விடுதலை பெற்ற நாட்டின் உள்நாட்டு அரசியல் எப்படி நடக்கிறது? நாடாளுமன்றத்தில் 19 உறுப்பினர்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல். உறுப்பினர்களே தங்களில் ஒருவரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். அவரே நாட்டின் தலைவர், அவரே அரசின் தலைவரும். வலுவான கட்சிகள் கிடையாது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில் உறவும் குடும்பமுமே கட்சியின் வேலையைச் செய்துவிடுகின்றன. பத்துப் பேர் ஒன்றுசேர்ந்தால் ஆட்சி கவிழும் என்பதால், ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தாலே குடியரசுத் தலைவர் மாறிய காலம் உண்டு. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் அது வாடிக்கையாகவே நடந்தது.

அங்குள்ள வாக்குமுறையைப் பற்றியும் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் வேறெங்கும் அதை அப்படியே காண்பது அரிது. வாக்காளர் தம் தொகுதியில் நிற்கும் எல்லா வேட்பாளர்களையும் விருப்ப வரிசைப்படி எண்ணிட வேண்டும். முதலிடம் தந்தவருக்கு ஒரு முழு வாக்கு, இரண்டாமவருக்கு அரை வாக்கு, மூன்றாமவருக்கு மூன்றில் ஒரு பங்கு என்று மதிப்பு குறைந்துகொண்டே போகும். ஒருவருக்கு 150 பேர் முதலிடமும் 20 பேர் இரண்டாமிடமும் தந்தால் அவர் கணக்கு 160. இன்னொருவருக்கு 110 பேர் முதலிடமும் 120 பேர் இரண்டாமிடமும் தந்தால் 170. ஆக, தீவிர ஆதரவாளர்கள் கூடுதலாக உள்ளவரைவிட, பலருக்கும் ஆட்சேபமில்லாதவர் முந்திவிடுகிறார். சொந்தக்காரருக்கு முதலிடம் தராமல் இருக்க முடியாத ஊரில், இரண்டாமிடம்தான் உண்மையான கருத்தைச் சொல்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1971-இல் இம்முறை வந்தது. வகுத்தவர் டெஸ்மண்ட் டௌடால் என்ற அதிகாரி.

விடுதலைக்குப் பிறகு பாஸ்பேட் வருமானம் நேராக நவூருவுக்கு வந்தது. 1970-களில் ஆள்வீத வருமானத்தில் உலகின் முன்வரிசை நாடுகளோடு அது நின்றது. வருமான வரி இல்லை. மெல்போர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டினார்கள். சொந்த விமான நிறுவனம் பசிபிக் முழுவதும் பெரும்பாலும் காலி இருக்கைகளோடு பறந்தது. லியனார்டோ டா வின்சியைப் பற்றி லண்டனில் அரங்கேறிய ஓர் இசை நாடகத்துக்குக்கூட நாட்டின் பணம் போனது. 1993-இல் அது படுதோல்வி அடைந்தது. எதிர்காலத்துக்கென்று சேர்த்த அறக்கட்டளை நிதி தவறான முதலீடுகளாலும் கடனாலும் கரைந்தது. புத்தாயிரத்தையொட்டிப் பாஸ்பேட்டும் ஏறக்குறைய தீர்ந்தது. 2004-இல் மெல்போர்ன் கட்டடம் கைமாறியது. 2005 டிசம்பரில் கடனுக்காக நாட்டின் ஒரே விமானத்தையும் பறிமுதல் செய்துகொண்டு போனார்கள். தீவின் ஐந்தில் நான்கு பங்கு நிலம், மண் சுரண்டப்பட்டபின் எஞ்சிய கூர்கூரான சுண்ணாம்புப் பாறைகளாக நின்றது. அந்தப் பாறைக்காட்டில் விதைக்கவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது. மக்கள் கரையோர வளையத்திலேயே நெருக்கியடித்து வாழ்கிறார்கள். விளைச்சல் போய்ப் பெட்டியில் அடைத்த உணவே கதியானதில், உலகில் நீரிழிவு மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளில் ஒன்றாகவும் ஆயிற்று.

இந்தச் சீரழிவுக்கு யார் பொறுப்பு என்பதில் நவூருவின் தவறு பாதி உண்டு. மறுபாதியை அது நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றது. இங்கே ஓர் இலங்கைத் தொடர்பு வருகிறது. விடுதலைக்கு முன் தோண்டப்பட்ட நிலத்தைச் சீரமைக்கும் பொறுப்பு யாருடையது என்று ஆராய நவூரு அரசு 1986-இல் அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைச் சட்ட அறிஞர் சி. ஜி. வீரமந்திரி. அந்த ஆய்வு வகுத்த பாதையில் 1989-இல் ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது நவூரு வழக்குத் தொடுத்தது. வீரமந்திரி பின்னர் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானபோது இந்த வழக்கில் பங்கேற்காமல் விலகி நின்றார். பிரிட்டனும் நியூசிலாந்தும் வழக்கில் இல்லாமல் தன்னை மட்டும் இழுக்க முடியாது என்ற ஆஸ்திரேலியாவின் வாதத்தை 1992-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியா சமரசத்துக்கு வந்து 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. அப்போது நவூரு ஐ.நா. உறுப்பினர்கூட அன்று, 1999-இல்தான் அது உறுப்பினராயிற்று. கர்ட்டிஸ் தீவில் ஆஸ்திரேலியக் குடிமக்களாகக் குடியேறியிருந்தால், ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஹேக்கில் வழக்குப் போட நவூரு என்றொரு தரப்பே இருந்திராது.

பாஸ்பேட் தீர்ந்தபின் என்ன விற்பது? இங்கேதான் இறையாண்மை சொத்தாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். சட்டம் இயற்றும் உரிமை நாட்டுக்கு உண்டு. ஆகவே 1990-களில் யாரும் எளிதில் வங்கி பதிவு செய்யலாம் என்று சட்டம் வகுத்தது. நூற்றுக்கணக்கான வங்கிகள் காகிதத்தில் முளைத்தன. ரஷ்யக் கறுப்புப் பணம் பெருமளவில் அவற்றின் வழியே ஓடியது என்று குற்றச்சாட்டு எழுந்து, பணச்சலவையைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பின் கரும்பட்டியலில் நவூரு சேர்ந்தது. குடியுரிமை வழங்கும் உரிமை உண்டு. ஆகவே கடவுச்சீட்டுகளை விற்றது. இவை இரண்டும் நாட்டின் பெயரையே கெடுத்தன.

பிற நாடுகளை அங்கீகரிக்கும் உரிமை இன்னொன்று. சீன மக்கள் குடியரசையும் தைவானையும் ஒரே நேரத்தில் அங்கீகரிக்க முடியாது என்பது பெய்ஜிங்கின் நிபந்தனை. தைவானோடு 1980-இல் உறவு வைத்த நவூரு, 2002-இல் பெய்ஜிங் பக்கம் போனது. 2005-இல் தைவானிடம் திரும்பியது. 2024 ஜனவரி 15 அன்று, தைவானில் அதிபர் தேர்தல் முடிந்து இரண்டே நாளில், மறுபடி பெய்ஜிங்கை அங்கீகரித்தது. அந்த ஒரு அறிவிப்போடு தைவானை அங்கீகரிக்கும் நாடுகள் 12 ஆகக் குறைந்தன. எண்ணிக்கை அவ்வளவு சிறியதாக இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மதிப்பு ஏறுவது சந்தை அறிந்த எவருக்கும் விளங்கும். 2009-இல் ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் நவூரு அங்கீகரித்தபோது, ரஷ்யா கோடிக்கணக்கில் உதவி தந்ததாகச் செய்திகள் வெளியாயின. இதை விலைபோதல் என்று எழுதுவது எளிது. பெரிய நாடுகளும் எண்ணெய்க்கும் ஆயுதத்துக்கும் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்கின்றன. அவற்றுக்கு விற்க வேறு பொருளும் இருப்பதால் பேரம் அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை, அவ்வளவே.

நிலத்தின் மீதான அதிகாரத்தை வாடகைக்கு விட்டதுதான் இவற்றில் மிகக் கசப்பானது. 2001-இல் கடலில் மீட்கப்பட்ட அகதிகளைத் தன் மண்ணில் இறக்க மறுத்த ஆஸ்திரேலியா, அவர்களை நவூருவில் தங்கவைக்க ஒப்பந்தம் போட்டது. 2008-இல் மூடப்பட்ட முகாம் 2012-இல் மீண்டும் திறந்தது. 2007-இல் அங்கே கொண்டுபோகப்பட்ட 80-க்கும் மேற்பட்ட இலங்கையரில் பெரும்பாலோர் தமிழர்; நவூரு என்ற பெயர் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் புவியியல் பாடத்தில் அறிமுகமானதன்று. முகாம் வருமானம் நவூரு அரசின் வரவில் பெரும்பகுதியாக ஆனது.

மீன்வளத்தில் கதை வேறு, சொல்லவும் மகிழ்ச்சியானது. தீவு சிறிது, ஆனால் அதைச் சுற்றியுள்ள பிரத்தியேகப் பொருளாதார மண்டலம், அதாவது மீன்பிடி உரிமை அந்நாட்டுக்கே உரிய கடற்பகுதி, 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். சூரை மீன் கூட்டங்கள் எல்லை பார்த்து நீந்துவதில்லை என்பதால், தனித்தனியாகப் பேரம் பேசினால் தொலைதேச மீன்பிடிக் கப்பல்கள் மலிவான பக்கம் ஒதுங்கிவிடும். 1982-இல் நவூருவின் பெயரிலேயே ஓர் ஒப்பந்தம் செய்து, இன்று கிரிபாட்டி, துவாலு, பாப்புவா நியூ கினி உள்ளிட்ட எட்டு நாடுகள் ஒன்றாகப் பேரம் பேசுகின்றன. ஒரு கப்பல் ஒரு நாள் மீன்பிடிக்க இவ்வளவு என்று குறைந்தபட்ச விலை வைத்து, மொத்த நாள்களுக்கும் வரம்பு வைத்தார்கள்; வருமானம் பல மடங்கு உயர்ந்தது. ஒற்றை வாக்கைத் தனியே விற்பதைவிடச் சேர்த்துப் பிடிப்பது இலாபம் என்பதைச் சிறு தீவு நாடுகள் காலநிலைப் பேச்சுவார்த்தைகளிலும் கற்றுக்கொண்டன.

2024 டிசம்பரில் ஆஸ்திரேலியாவோடு கையெழுத்தான உடன்படிக்கை இந்தக் கணக்கில் புதிய வரி. ஐந்தாண்டுகளில் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் நிதியுதவியும், காவல்துறைக்குத் தனியாக 4 கோடியும் நவூருவுக்குக் கிடைக்கும். பதிலுக்கு, பாதுகாப்பு, வங்கி, தொலைத்தொடர்பு போன்ற துறைகளில் வேறு நாடுகளோடு ஏற்பாடு செய்யும்போது ஆஸ்திரேலியாவின் ஒப்புதல் தேவைப்படும். சீனாவை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நிபந்தனை இது என்பதை மறைக்க யாரும் முயலவில்லை. இதுவரை விட்ட குத்தகைகளில் எதுவும் அடுத்த குத்தகைதாரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தொட்டதில்லை, இது தொடுகிறது.

இதற்கிடையில் கடல்மட்டம் உயர்ந்து கரையோர வளையத்தை அரிக்கிறது. மக்களில் பெரும்பாலோரை நடுவிலுள்ள மேட்டுக்கு, அதாவது ஒரு நூற்றாண்டாகத் தோண்டிய அதே பாறைக்காட்டுக்கு, சீரமைத்துக் குடியேற்றும் திட்டத்தை அரசு வகுத்திருக்கிறது. அதற்கான செலவைத் திரட்ட 2025 முதல் மீண்டும் குடியுரிமையை விற்கிறார்கள். இம்முறை பின்னணிச் சோதனை உண்டு என்கிறது அரசு. 2025-இல் தொடங்கியபோது ஓர் ஆளுக்குக் குறைந்தபட்ச விலை 1,05,000 அமெரிக்க டாலராக இருந்தது. வாங்குபவர் நவூருவில் வந்து வசிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.